நாம போனா பொழப்பு, அவன் வந்தா படையெடுப்பா?

இது கொஞ்சம் நீளமான பதிவு. ஒரு டீ போட்டு எடுத்துக்கிட்டு உக்காருங்க. திட்டணும்னு தோணினா தாராளமாத் திட்டுங்க, ஆனா முழுசாப் படிச்சிட்டுத் திட்டுங்க. தலைப்பை மட்டும் பாத்துட்டு வீட்டுக்கு ஆட்டோ அனுப்பிடாதீங்க :-)

சரி, மேட்டருக்கு வர்றேன்.

2025 செப்டம்பர்ல அமெரிக்க அதிபர் டிரம்ப், புதுசா எடுக்கற எச்-1பி விசாவுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணும்னு கையெழுத்துப் போட்டார். அன்னிக்கு எங்க கிளாஸ் வாட்ஸப் குரூப் கொந்தளிச்சுப் போச்சு. "திறமைக்கு இதுதான் மரியாதையா?", "நம்ம ஆளுங்க இல்லேன்னா சிலிக்கான் வேலியே படுத்துடும்", "இனவெறி பிடிச்சவன்". எல்லாம் நியாயமான கோபம். எனக்கும் கோபம்தான்.

அதே குரூப்ல, அதே வாரம், இன்னொரு ஃபார்வர்ட் வந்துச்சு. திருப்பூர் ஸ்டேஷன்ல தன்பாத் - ஆலப்புழா எக்ஸ்பிரஸ் வந்து நிக்குது, தோள்ல பையோட பசங்க இறங்கறாங்க. மேல எழுதியிருந்தது: "வடக்கன் படையெடுப்பு". கீழ சிரிக்கற மூஞ்சி வரிசையா. அமெரிக்காக்காரனை இனவெறியன்னு திட்டுன அதே விரல்தான் அந்த மூஞ்சியையும் அழுத்துச்சு. ரெண்டுக்கும் நடுவுல மூணு நாள்கூட இடைவெளி இல்லை.

நாம போனா பொழப்பு தேடி. அவங்க வந்தா படையெடுப்பு. நாம போனா திறமை. அவங்க வந்தா கூட்டம். இந்த ரெட்டைக் கணக்கைப் பத்திதான் இந்தப் பதிவு. (தலைப்புல இருக்கற "அவன்" உங்க வாயில இருந்து எடுத்தது. இனிமே நான் "அவங்க"ன்னுதான் எழுதுவேன்.)

யாரு வர்றாங்க, ஏன் வர்றாங்க?

மத்திய அரசோட 2016-17 பொருளாதார ஆய்வறிக்கை, 2011ல இருந்து 2016 வரைக்கும் வருஷத்துக்குச் சுமார் 90 லட்சம் பேர் மாநிலம் விட்டு மாநிலம் போயிருக்காங்கன்னு ரயில்வே டிக்கெட் விவரத்தை வெச்சுக் கணக்குப் போட்டுச்சு. இது தமிழ்நாட்டுக்கு மட்டும் யாரோ திட்டம் போட்டு அனுப்பின படை இல்லைங்க. வேலை இருக்கற பக்கம் ஆளுங்க போறாங்க, அவ்வளவுதான்.

ஏன் நம்ம பக்கம்? ரெண்டே ரெண்டு எண்ணைப் பாருங்க.

முதல் எண்: ஒரு பெண்ணுக்குச் சராசரியா எத்தனை குழந்தைங்கற கணக்கு. 2019-21ல எடுத்த தேசிய குடும்ப நல ஆய்வுப்படி தமிழ்நாட்டுல 1.8, பீகார்ல 3. மக்கள்தொகை அப்படியே நிக்கவே 2.1 வேணும்னு சொல்லுவாங்க. நாம அதுக்குக் கீழ போய்ப் பல வருஷம் ஆச்சு.

ரெண்டாவது எண்: 18ல இருந்து 23 வயசு வரைக்கும் இருக்கறவங்கள்ல நூத்துக்கு எத்தனை பேர் காலேஜுல சேர்றாங்கங்கற விகிதம். 2021-22ல தமிழ்நாட்டுல 47, இந்தியா முழுக்க 28 சொச்சம், பீகார்ல 17.

அதாவது நம்ம வீட்ல பிள்ளைங்களே கம்மி, அதுலயும் பாதிப் பேர் காலேஜுல. அப்புறம் பனியன் கம்பெனியில அயர்ன் டேபிள்ல நிக்கறது யாரு? சாயப்பட்டறையில ஈரத்துணியைத் தூக்கறது யாரு? மெட்ரோவுக்குக் குழி தோண்டறது யாரு? உங்க வீட்ல ஒருத்தரை நான் கூப்பிட்டா அனுப்புவீங்களா? எங்க வீட்லயும் அனுப்ப மாட்டாங்க. "உன்னை பி.காம் படிக்க வெச்சது இதுக்கா?"ன்னு எங்கம்மா கரண்டியை எடுத்துருவாங்க.

இங்க இன்னொரு கோஷ்டியையும் ஒரு பிடி பிடிச்சிடறேன். "தமிழன் சோம்பேறி ஆயிட்டான், டாஸ்மாக்ல உக்காந்துட்டான், வடக்கத்திப் பசங்கதான் கரெக்டா உழைக்கிறாங்க" அப்படீன்னு டீக்கடையில பேசற முதலாளிமாருங்க இருக்காங்களே, அவங்க. நம்ம பிள்ளைங்க காலேஜுக்குப் போறது சோம்பேறித்தனம் இல்லைங்க, ரெண்டு தலைமுறை கஷ்டப்பட்டதோட பலன். "வேலைக்கு ஆளே கிடைக்கலை"ன்னு இவங்க சொல்ற வாக்கியத்துல முன்னாடி ரெண்டு வார்த்தை எப்பவுமே காணாமப் போயிரும்: "இந்தச் சம்பளத்துக்கு". அந்த ரெண்டு வார்த்தையைச் சேத்துப் படிச்சா மேட்டரே வேற. வடக்கத்திப் பசங்களை இவங்க புகழறதும் பாசத்துல இல்லை. லீவு கேக்க மாட்டாங்க, சங்கத்துல சேர மாட்டாங்க, ராத்திரி கூப்பிட்டாலும் வருவாங்க, ஏன்னா தங்கறதே கம்பெனிக்குள்ள. புகழ்ச்சிக்கு அர்த்தம் இவ்வளவுதான்.

"வேலையைப் பறிக்கறாங்க"

இதுதான் பெரிய குற்றச்சாட்டு. இதுக்குப் பின்னாடி ஒரு நம்பிக்கை இருக்கு: ஊர்ல மொத்தம் இத்தனை வேலைதான் இருக்கு, ஒருத்தர் வந்து ஒண்ணை எடுத்தா நமக்கு ஒண்ணு குறையும். பந்தியில இலை எண்ணிப் போட்ட மாதிரி. எகனாமிக்ஸ் எடுக்கற சார் யாரைக் கேட்டாலும் இது தப்புன்னுதான் சொல்லுவாங்க. வர்ற மனுஷன் கையை மட்டும் கொண்டு வரலை, வயித்தையும் கொண்டு வர்றாரு. ரூம் வாடகை குடுக்கறாரு, அரிசி வாங்கறாரு, ரீசார்ஜ் பண்றாரு, முடி வெட்டிக்கறாரு. திருப்பூர்ல லைன் வீடு கட்டி விட்டிருக்கறவங்களைக் கேட்டுப் பாருங்க, பத்துக்குப் பத்து ரூம்ல ஆறு பேர் தங்கறாங்க, தலைக்கு இவ்வளவுன்னு வாடகை வாங்கறாங்க. "வடக்கன் வந்து ஊரே கெட்டுப் போச்சு"ன்னு சொல்றதும் அதே வீட்டுக்காரர்தான் :-)

இன்னொண்ணு, பனியன் தொழில்ல ஒரு வேலை இன்னொரு வேலையோட கோத்துருக்கு. நிட்டிங், சாயம், கட்டிங், ஓவர்லாக், செக்கிங், அயர்ன், பேக்கிங். இதுல அயர்னுக்கு ஆள் இல்லேன்னா தைச்ச துணி அப்படியே தேங்கும், கப்பல் தேதி போயிடும், அடுத்த ஆர்டர் பங்களாதேஷுக்குப் போயிடும். அப்போ வேலை போறது அயர்ன்காரருக்கு மட்டுமா? செக்கிங்ல உக்காந்திருக்கற எங்கம்மாவுக்கும்தான். கணக்கு எழுதலாம்னு பி.காம் படிக்கற எனக்கும்தான்.

வெறும் வாய்ப்பேச்சு வேண்டாம், ஆராய்ச்சி இருக்கான்னு கேட்டா, இருக்கு. 1980ல கியூபாவோட மாரியல் துறைமுகத்துல இருந்து சில மாசத்துல ஒண்ணேகால் லட்சம் பேர் படகுல அமெரிக்காவுக்கு வந்தாங்க. பாதிக்கு மேல மியாமியிலயே தங்கிட்டாங்க. அந்த ஊர்ல வேலை செய்யற ஆளுங்க எண்ணிக்கை ஒரே வீச்சுல 7 சதவீதம் ஏறிச்சு. டேவிட் கார்டுங்கற பொருளாதார நிபுணர் 1990ல இதை ஆராய்ஞ்சு, உள்ளூர்ல கம்மியாப் படிச்ச தொழிலாளிங்களோட கூலியிலயோ வேலையிலயோ பெரிய பாதிப்பு எதுவும் தெரியலைன்னு எழுதினார். 2021ல நோபல் பரிசு வாங்கினவங்கள்ல அவரும் ஒருத்தர்.

இதோட நிறுத்திட்டா நான் வக்கீல் மாதிரி ஆயிடுவேன். இதே மாரியல் கணக்கை ஜார்ஜ் போர்ஹாஸ் திரும்ப எடுத்துப் பாத்தார். அவரே சின்னப் பையனா கியூபாவுல இருந்து அமெரிக்கா போனவர். பள்ளிக்கூடத்தையே முடிக்காத ஆண்களை மட்டும் தனியாப் பிரிச்சுப் பாத்தா கூலி 10ல இருந்து 30 சதவீதம் வரைக்கும் விழுந்திருக்குன்னு சொன்னார். அவர் எடுத்த சாம்பிள் ரொம்பச் சின்னதுன்னு மத்தவங்க மறுத்தாங்க. சண்டை ஓயலை. ஆனா ரெண்டு பக்கத்தையும் படிச்சா எனக்கு ஒண்ணு புரியுது: ஊருக்கு மொத்தமா நஷ்டம் இல்லை. ஆனா லாபமும் நஷ்டமும் ஒரே ஆள் மேல விழறதில்லை.

அப்போ யாருக்குத்தான் நஷ்டம்?

எங்க சித்தப்பாவுக்கு. ஒளிக்கலை, சொல்லிடறேன்.

சித்தப்பா சென்ட்ரிங் வேலை. இருபது வருஷத்துக்கு மேல கம்பி கட்டின கை. போன வருஷம் ஒரு சைட்ல 900 ரூபா கூலின்னு பேசிட்டுப் போயிருக்கார். மூணாம் நாள் மேஸ்திரி கூப்பிட்டு, "அவனுக 650க்கு நிக்கறானுக, நீ என்ன சொல்ற?"ன்னு கேட்டாராம். சித்தப்பா டிபன் பாக்ஸை எடுத்துக்கிட்டு வந்துட்டார். அதுக்கப்புறம் அவர் "வடக்கன்"னு ஆரம்பிச்சா நான் குறுக்க பேசறதில்லை. அவர் இழந்தது நிஜம். அவர்கிட்டப் போய் "சித்தப்பா, மியாமியில என்ன நடந்துச்சுன்னா..."ன்னு ஆரம்பிக்க எனக்கு வாய் வராது. ஏ.சி. ரூம்ல உக்காந்துக்கிட்டு "குடிபெயர்வு எல்லாருக்கும் நல்லது"ன்னு எழுதறவங்க ஒரு தடவை அவர் முன்னாடி வந்து சொல்லிப் பாக்கட்டும்.

ஆனா நான் கேக்கறது இது: அந்த 250 ரூபா எங்க போச்சு?

ஒடிசாவுல இருந்து வந்த பையன் பாக்கெட்டுக்குப் போகலை. அவருக்குக் கிடைச்சதே 650. அதுலயும் கூட்டிட்டு வந்தவர் கமிஷன் பிடிச்சிருப்பார். 900ல இருந்து 650ஐக் கழிச்சா வர்ற மிச்சம் கான்ட்ராக்டர் கையில, கொஞ்சம் பில்டர் கையில. அவங்க யாரையும் நீங்க மீம் போட்டு நான் பாத்ததே இல்லை. ரயில்ல வந்தவரைத்தான் போடறீங்க, ஏன்னா அவர் கண்ணுக்குத் தெரியறார். லாபம் எடுத்தவர் கார் கண்ணாடியை ஏத்தி விட்டுட்டுப் போயிடறார்.

ஒரு காஸ்ட் ஷீட் போடுவோம்

காமர்ஸ் பையன்னா இதுகூடப் பண்ணலேன்னா எப்படி?

1979ல மாநிலம் விட்டு மாநிலம் வர்ற தொழிலாளிங்களுக்குன்னு ஒரு மத்தியச் சட்டம் வந்துச்சு. ஒப்பந்தக்காரர் மூலமா அஞ்சு பேரோ அதுக்கு மேலயோ கூட்டிட்டு வந்தாலே அது பொருந்தும். ஒப்பந்தக்காரருக்கு லைசென்ஸ் வேணும். ஒரே மாதிரி வேலைக்கு உள்ளூர்க்காரருக்குக் குடுக்கற கூலிக்குக் குறையக் கூடாது. மாசச் சம்பளத்துல பாதியை இடப்பெயர்வுப் படியா ஒரு தடவை குடுக்கணும், அதைத் திருப்பிப் பிடிக்கக் கூடாது. ஊருக்குப் போக வரச் செலவு, தங்க இடம், இலவச வைத்தியம் எல்லாம் குடுக்கணும்.

இப்போ மாசம் 15,000 ரூபா வேலைன்னு வெச்சுக்குவோம்.

உள்ளூர்க்காரர்: 15,000.

வெளிமாநிலத்துக்காரர்: அதே 15,000. அதுக்கு மேல முதல்லயே 7,500 படி. அதுக்கு மேல ரயில் செலவு, ரூம், வைத்தியம்.

பாத்தீங்களா? சட்டப்படி நடந்தா வெளியில இருந்து வர்றவர் உள்ளூர்க்காரரை விட விலை ஜாஸ்தி! நிஜமாவே உள்ளூர்ல ஆள் கிடைக்காத வேலைக்கு மட்டும்தான் எந்த முதலாளியும் அவரைக் கூப்பிடுவார். சித்தப்பாவோட கூலியை அடிக்க அவரைப் பயன்படுத்தவே முடியாது. அவர் மலிவாத் தெரியறதுக்கு ஒரே காரணம், அந்தச் சட்டம் அலமாரியிலயே தூங்கினதுதான். "இவங்களை யாரும் கூட்டிட்டு வரலை, தானா வந்தாங்க" அப்படீன்னு ஒரு வரி சொன்னாப் போதும், சட்டம் ஒதுங்கி வழி விட்டுரும்.

2025 நவம்பர் 21ல புதுத் தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்தப்போ இந்த 1979 சட்டமும் அதுக்குள்ள கரைஞ்சு போச்சு. தானா வந்து வேலைக்குச் சேர்றவங்களையும் இப்போ கணக்குல சேத்துக்கிட்டாங்க, வருஷத்துக்கு ஒரு தடவை ஊருக்குப் போக வரப் பணம்னு வெச்சிருக்காங்க. அது நல்லது. ஆனா அஞ்சு பேர்ங்கறது பத்துப் பேர் ஆச்சு, அந்தப் பாதிச் சம்பளப் படியையும் தூக்கிட்டாங்க. வடக்கனைத் திட்டி ஆயிரம் ஃபார்வர்ட் வந்த எங்க குரூப்ல இதைப் பத்தி எத்தனை வந்துச்சு தெரியுமா? ஒண்ணுகூட இல்லை.

குடும்பம்னு ஒண்ணு இருக்கு

பொருளாதாரம் பேசும்போது எல்லாரும் மறக்கறது இதைத்தான்.

எங்க பெரியப்பா 19 வருஷம் குவைத்துல இருந்தார். ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை வருவார், ரெண்டு மாசம் இருப்பார். அண்ணனுக்கு அப்பான்னா ஒரு பெட்டி, ஒரு வாசனை, ஒரு போன் குரல். அண்ணன் பத்தாவது பாஸ் ஆனதும் தெரியும், பெயில் ஆகி வீட்டை விட்டு ஓடினதும் தெரியும், எல்லாமே போன்ல. பெரியம்மா தனியாவே வீடு கட்டி, தனியாவே மாமியாரை அடக்கம் பண்ணி, தனியாவே வயசானாங்க. பெரியப்பா அனுப்பின பணத்துலதான் நாங்களும் கொஞ்சம் தலை தூக்கினோம். 2024ல வெளிநாட்டுல இருக்கற இந்தியருங்க ஊருக்கு அனுப்பின பணம் சுமார் 129 பில்லியன் டாலர்னு உலக வங்கி சொல்லுது, உலகத்துலயே அதிகம் நமக்குத்தான். அந்த எண்ணுக்குள்ள பெரியம்மாவோட 19 வருஷத்தை எந்தக் கட்டத்துல போடறதுன்னு எனக்கு எந்தப் புத்தகமும் சொல்லித் தரலை.

இப்போ திருப்பூர் லைன் வீட்டு வாசல்ல ராத்திரி பத்து மணிக்கு நின்னு பாருங்க. ஒவ்வொரு பையன் கையிலயும் போன், வீடியோ கால். அந்தப் பக்கம் ஒரு குழந்தை மூஞ்சி. அவங்க பேசறது உங்களுக்குப் புரியாது. ஆனா பெரியப்பா குவைத்துல இருந்து என்ன பேசினாரோ அதேதான்: "சாப்ட்டியா? பீஸ் கட்டியாச்சா? பாட்டிக்கு எப்படி இருக்கு?"

குடும்பத்தோட வர்றவங்க கதை இன்னும் மோசம். திருவள்ளூர்ப் பக்கம் செங்கல் சூளைக்கு ஒடிசாவோட பலாங்கீர் மாவட்டத்துல இருந்து புருஷன், பொண்டாட்டி, குழந்தைன்னு மொத்தமா வர்றாங்க. முன்பணம் வாங்கிட்டு வர்றதால சீசன் முடியற வரைக்கும் நகர முடியாது. குழந்தைக்கு அங்கயும் பாதி வருஷம், இங்கயும் பாதி வருஷம், பள்ளிக்கூடம் எங்கயும் முழுசா இல்லை. இதைத்தான் "படையெடுப்பு"ங்கறீங்க. கைக்குழந்தையோட, கடனோட வர்ற படையை எந்த ஊர்ல பாத்தீங்க?

2020 மார்ச் 24 ராத்திரி நாலு மணி நேர அவகாசத்துல நாடே பூட்டுப் போட்டப்போ, அவங்க நடந்தாங்க. மே மாசம்தான் சிறப்பு ரயிலே வந்துச்சு. அவங்க போனதும் என்ன ஆச்சு? "போனாங்கடா, நம்ம வேலை நமக்கு"ன்னு நம்ம ஆளுங்க வரிசையில நின்னாங்களா? கட்டடங்க பாதியில நின்னுச்சு. பஸ் வெச்சும், சில பேர் விமான டிக்கெட் போட்டும் அவங்களைத் திரும்பக் கூட்டிட்டு வந்தாங்க. 2023 மார்ச்ல, தமிழ்நாட்டுல பீகார்க்காரங்களை அடிக்கறாங்கன்னு பொய் வீடியோ பரவினப்பவும் இதே கதைதான். பயந்து போய் மூட்டை கட்டினவங்களைப் போகாதீங்கன்னு கெஞ்சினது யாரு? மாநில அரசு, போலீஸ், கம்பெனிக்காரங்க. வேண்டாத விருந்தாளியை யாராவது ஸ்டேஷன் வரைக்கும் போய்க் கெஞ்சுவாங்களா?

வந்தேறிங்கற வார்த்தை

இந்த வார்த்தை நமக்குப் புதுசில்லை. நம்ம மேல எறிஞ்ச கல்தான்.

தாராவியில திருநெல்வேலி ஜில்லாவுல இருந்து போன நம்ம சனம் தலைமுறை தலைமுறையா இருக்கு. 1966ல பம்பாயில சிவசேனா ஆரம்பிச்சப்போ அவங்களோட முதல் எதிரி யாரு? வேட்டி லுங்கி கட்டின "மதராசி". குமாஸ்தா வேலையெல்லாம் இவனுகளே பிடிச்சிட்டானுகன்னு அன்னிக்கு அங்க சொன்னதை மராத்தியில இருந்து தமிழுக்கு மாத்தினா, இன்னிக்கு நம்ம ஃபார்வர்ட் அப்படியே வரும். 1991ல காவிரிக் கலவரத்துல பெங்களூர்த் தமிழங்க மூட்டை முடிச்சோட ஓடி வந்தாங்க.

இலங்கை மலையகம் இன்னும் கொடுமை. வெள்ளைக்காரன் காப்பிக்கும் தேயிலைக்கும் கூட்டிட்டுப் போன சனம். மலையையே தோட்டமா மாத்தினாங்க. 1948ல சுதந்திரம் வந்த கையோட குடியுரிமைச் சட்டம் போட்டு அவங்களை நாடில்லாதவங்க ஆக்கினாங்க. "கள்ளத்தோணி"ன்னு பேர் வெச்சாங்க. 1964ல சிறிமாவோவும் சாஸ்திரியும் உக்காந்து 9,75,000 பேரைப் பங்கு போட்டாங்க: 5,25,000 பேர் உனக்கு, 3,00,000 பேர் எனக்கு, மிச்சம் 1,50,000 அப்புறம் பாத்துக்கலாம். மிச்சத்தை 1974ல ஆளுக்குப் பாதியாப் பிரிச்சுக்கிட்டாங்க. சரக்கு இருப்பைப் பிரிக்கற மாதிரி. சம்பந்தப்பட்டவங்களை யாரும் கேக்கலை.

அதை நெனச்சுக் கண்ணீர் விடற இனம், வாசல்ல வந்து நிக்கறவரை அதே வார்த்தையால கூப்பிடலாமா? அவ்வளவு தூரம் ஏன் போகணும். எங்கம்மா 1998ல ஆண்டிபட்டிப் பக்கம் இருந்து திருப்பூர் வந்தவங்க. "தெக்கத்திக்காரங்களுக்கு வீடு இல்லை"ன்னு மூணு வீட்ல திருப்பி அனுப்பினாங்களாம். அன்னிக்கு அவங்கதான் "கூலியைக் கெடுக்க வந்தவங்க". இன்னிக்கு அவங்க பையன் உள்ளூர்க்காரன். எல்லா உள்ளூர்க்காரனும் கொஞ்சம் சீனியர் வந்தேறிதான் :-)

"அதெல்லாம் சரி, ஆனா..."

"ஹிந்தி வந்துரும்." ஹிந்தித் திணிப்பு நிஜம். அதை எதிர்க்கறதுல நானும் உங்க பக்கம்தான். ஆனா திணிக்கறது டெல்லி, டைல்ஸ் ஒட்டறவர் இல்லை. பீகார்ல இருந்து வர்ற முக்கால்வாசிப் பேருக்கு வீட்ல ஹிந்தி கிடையாது. போஜ்புரி, மைதிலி, மகஹி. 2011 மக்கள்தொகைக் கணக்குல அஞ்சு கோடிப் பேருக்கு மேல போஜ்புரி பேசறதாச் சொல்லியும், அதை ஹிந்திக்கு அடியிலதான் சேத்து எண்ணினாங்க. ஹிந்தி முதல்ல விழுங்கினது அவரைத்தான். அவர் இங்க வந்து ஆறு மாசத்துல "அண்ணே, டீ"ன்னு பேச ஆரம்பிச்சுடறார். நாமதான் அவர்கிட்ட அரைகுறை ஹிந்தியில அதிகாரம் பண்றோம்.

"குற்றம் பெருகுது." நம்ம ஊர்க்காரர் கொலை பண்ணினா செய்தியில அவர் பேர் வரும். வெளிமாநிலத்துக்காரர்னா மாநிலத்தோட பேர் வரும். ஒருத்தர் பண்ணின தப்புக்கு ஒரு மாநிலமே கூண்டுல நிக்கணும்னா, வெளிநாட்டு ஜெயில்ல நம்ம ஆளுங்களும் இருக்காங்க, ஞாபகம் வெச்சுக்குங்க. நிஜமாவே பாதுகாப்பு பத்திக் கவலைன்னா ஒவ்வொருத்தர் பேரையும் பதிவு பண்ணச் சொல்லிக் கேளுங்க. பதிவு பண்ணாம ஒளிச்சு வெச்சுக்கறது தொழிலாளி இல்லை, ஒப்பந்தக்காரர்.

"75 சதவீதம் உள்ளூர்க்காரங்களுக்குன்னு சட்டம் போடுங்க." ஹரியானா போட்டுச்சு. தனியார் வேலையிலயும் 75 சதவீதம்னு. 2023 நவம்பர்ல பஞ்சாப் - ஹரியானா உயர் நீதிமன்றம் அது அரசியல் சட்டத்துக்கே எதிரானதுன்னு தள்ளிடுச்சு. சரி, செல்லும்னே வெச்சுக்குங்க. நாளைக்குக் கர்நாடகாவும் போடும். பெங்களூர்ல ஐ.டி. வேலையில இருக்கற உங்க அக்கா, அண்ணன் எல்லாரையும் ஓசூர் பார்டர்ல போய்க் கூட்டிட்டு வர வண்டி ரெடியா வெச்சிருக்கீங்களா?

அப்போ என்னதான் பண்ணணும்?

சும்மா திட்டிட்டுப் போறதுக்கு இந்தப் பதிவு இல்லை. என் பங்குக்கு நாலு.

1. ஒரே வேலைக்கு ஒரே கூலி. எந்த ஊர் ஆளா இருந்தாலும். இதை அமல்படுத்தினா சித்தப்பாவுக்கும் வேலை மிஞ்சும், ஒடிசாப் பையனுக்கும் 900 கிடைக்கும். இந்த ரெண்டு பேரையும் ஒரே நேரத்துல காப்பாத்தற ஒரே வழி இதுதான்.

2. ஆளை வேலைக்கு வெச்சவர்தான் பதிவு பண்ணணும், பண்ணலேன்னா அபராதம் அவருக்கு. தொழிலாளியை ஆபீஸ் ஆபீஸா அலைய விடாதீங்க.

3. குழந்தைங்களுக்குப் பள்ளிக்கூடமும் பாலகமும். சூளை பக்கத்துல, சைட் பக்கத்துல. அந்தக் குழந்தை தமிழ் படிச்சா தமிழுக்குத்தான் லாபம். ரேஷனும் அப்படித்தான். "ஒரே நாடு ஒரே ரேஷன்"ல தமிழ்நாடு 2020 அக்டோபர்லயே சேந்தாச்சு, ஆனா அந்தப் பையனுக்கு அது தெரியணுமே.

4. தொழிற்சங்கங்க அவங்களைச் சேத்துக்கணும். 1984ல பஞ்சப்படிக்காக 127 நாள் வேலைநிறுத்தம் பண்ணின ஊர் திருப்பூர். அந்த ஊர்ல பாதித் தொழிலாளியை "வடக்கன்"னு ஒதுக்கி வெச்சுட்டு எந்தப் போராட்டம் ஜெயிக்கும்? அவங்க மொழியில ஒரு நோட்டீஸ் அடிக்கறதுக்கு என்ன தயக்கம்? தொழிலாளி ரெண்டாப் பிரிஞ்சு நின்னா, கூலி பேசற மேசையில முதலாளிக்குத்தான் கொண்டாட்டம்.

திட்டப் போறவங்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். என்னை வடக்கனுக்குப் பொறந்தவன்னு சொல்றதுக்கு முன்னாடி இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிட்டு ஆரம்பிங்க: 900 ரூபா வேலையை 650 ஆக்கினது யாரு? ரயில்ல வந்து இறங்கினவரா, ரேட்டைச் சொன்னவரா?

டிஸ்கி: இதைப் படிச்சிட்டுச் சித்தப்பா என்கிட்டப் பேசலேன்னா, தீபாவளிக்குள்ள சமாதானம் பண்ணி வைக்க ஆள் தேவை. சம்பளம் எல்லாருக்கும் ஒரே ரேட்தான் :-)